குருசாமியின் சிக்கனம்

"ஏனுங்க மாஸ்டர், இதுக்குப் பேரு சிக்கனமுங்களா? சுத்தக் கஞ்சத்தனமுங்க!"

முதலாளியம்மா ஜெயபாரதி பனியனைப் பிடித்து இழுத்ததும், தோள்பட்டைத் தையல் வாயைப் பிளந்தது. கட்டிங் மாஸ்டர் தனபால் தலைகுனிந்தார். தையலுக்கென்று ஓரத்தில் விட வேண்டிய துணியில் கால் அங்குலத்தைக் குறைத்தது அவர்தான்.

"துணி மிச்சமாகட்டும்னுதானுங்க..."

"வேண்டியதைக் குறைச்சா அது கஞ்சத்தனம். வீணாப் போறதைக் குறைச்சாத்தானுங்க சிக்கனம். நம்ம அவிநாசிபாளையம் யூனிட்டுல குருசாமி மாஸ்டர் பண்றாரே, அப்படி! தை மாசத்துல இருந்து ரெண்டு யூனிட்டுக்கும் அவரையே தலைமை மாஸ்டராப் போட்டுரலாம்னு இருக்கறனுங்க."

தனபாலுக்கு வயிறு எரிந்தது. இந்த நெருப்பெரிச்சல் ஊர் யூனிட்டில் பதினாறு வருடம் கத்தரி பிடித்தவர், போன வருடம் வந்தவனுக்குக் கீழே கைகட்டி நிற்பதா?

மூன்று மாதமாக இதே பாட்டுதான். அந்த எரிச்சலில்தான் தனபால் புதுப்புது வழி கண்டுபிடித்தார். கையும் பாக்கெட்டும் வைத்த பனியனின் உடல் துண்டுகளைத் துணியில் வரையும்போது, நடுவில் வளைவாக ஓர் இடம் வீணாகும். அதில் கைப்பகுதிக்கான துண்டைத் தலைகீழாகச் செருகினார். மிஞ்சிய மூலையில் பாக்கெட்டை நுழைத்தார். கிலோக் கணக்கில் துணி மிச்சமானது. அப்போதும், "குருசாமி இதைவிட நெருக்கி வரைவாருங்க" என்றுதான் பதில் வந்தது. அதற்கப்புறம்தான் தையல் ஓரத்திலேயே கைவைத்தார்.

அப்படி என்னதான் வித்தை வைத்திருக்கிறான் அவன்?

மறுநாள் லேபிள் வாங்கும் சாக்கில் அவிநாசிபாளையம் போனார். கட்டிங் மேசையில் குனிந்திருந்தவர் நிமிர்ந்தார்.

"நீங்கதான் குருசாமி மாஸ்டருங்களா?"

"ஆமாண்ணே. நீங்க?"

"தனபாலுங்க. நெருப்பெரிச்சல்."

குருசாமியின் முகம் கறுத்தது. கத்தரியை மேசைமேல் டக்கென்று வைத்தார்.

"ஓகோ, அந்த மகராசன் நீங்கதானா! ஒங்க பேரைச் சொல்லிச் சொல்லியே முதலாளியம்மா என் உசிர வாங்குதாங்க. தனபால் ஒரு துண்டு வீணாக்க மாட்டாராம், தை மாசம் அவருதான் எனக்கு மேல தலைமை மாஸ்டராம். தெனமும் ஏச்சுண்ணே! நல்லா வெட்டியிருக்கேன்னு இதுவரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"என்கிட்டயும்தானுங்க" என்றார் தனபால், மெதுவாக.

கைவசம் இருந்த பாராட்டில் ஒரு சொல்லைக்கூட உரியவர் முன்னால் செலவழிக்காமல், இரண்டு யூனிட்டையும் ஓட்டிக்கொண்டிருந்தார் ஜெயபாரதி.