சத்தத்துக்கு ஒரு பூட்டு

கடையில் இருந்த, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஹோம் தியேட்டர் ரிசீவர்களிலேயே விலை குறைந்ததைக் கணவன் கையில் எடுத்தான். மனைவி அதை வாங்கித் திரும்ப வைத்தாள்.

“சத்தத்துக்குப் பூட்டுப் போடுற மாதிரி எது இருக்கு?” என்று விற்பனையாளரிடம் கேட்டாள்.

“இதும்மா. நீங்க வச்ச அளவுக்கு மேல யாராலயும் கூட்ட முடியாது. விலைதான் கொஞ்சம் கூட.”

“நமக்குக் கட்டுப்படியாகாது,” என்றான் கணவன் பல்லைக் கடித்துக்கொண்டு.

“கைக்குழந்தை தூக்கிவாரிப் போட்டு எழுந்திரிக்குது. அது மட்டும் கட்டுப்படியாகுதா?”

விற்பனையாளர் கணவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “எடுத்துச் சொன்னா கேக்க மாட்டாராம்மா?”

“சொன்னா வீடே ரெண்டாயிடும்.”

கணவன் நெற்றியைத் துடைத்தான். “கண்டுபிடிச்சுட்டா என்னடி பண்றது?”

“நீங்க உளறாம இருந்தா போதும். பில்லைப் போடச் சொல்லுங்க.”

விற்பனையாளருக்கு ஒன்றும் புரியவில்லை. பில் புத்தகத்தைப் பிரித்தார். “எங்க அனுப்பணும்?”

“மாடி வீட்டுக்கு,” என்றாள் அவள். “எங்க ஹவுஸ் ஓனருக்கு நாளைக்குப் பிறந்தநாள். அவரோட பழைய செட்டு அலறினா, கீழ குடியிருக்கிற எங்க வீட்டுக் கூரையே அதிருது. தட்டிக்கேட்டா காலி பண்ணச் சொல்லிடுவாரு.”

விற்பனையாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பளபளக்கும் தாளை எடுத்தார்.

“சுத்துறதுக்கு முன்னாடி பூட்டை நீங்களே போட்டுடுங்க,” என்றான் கணவன், குரலைத் தாழ்த்தி. “அதை எப்படித் திறக்கிறதுன்னு போட்டிருக்கிற புத்தகத்தை மட்டும் எங்ககிட்ட குடுத்துடுங்க.”