லேசான ஸ்பிரிங்

பழைய கார் முட்டுக்கட்டைமேல் பின்பக்கம் தூக்கி நிற்கிறது. எத்தனை பேர் ஏறினாலும் பின்பக்கத்தைத் தாழவிடாமல் தானே தூக்கிப் பிடித்த எண்ணெய் ஷாக் அப்சார்பரை, மெக்கானிக் அடியில் மல்லாந்து கிடந்து கழற்றுகிறார். அதற்கு இப்போது சாமான் கிடைப்பதில்லை. இனி சாதா ஸ்பிரிங்தான். அவிழ்த்த குழாயிலிருந்து பச்சை எண்ணெய் தகரத் தட்டில் சொட்டுகிறது. சுவரோரப் பெஞ்சில் அப்பா. ஆறு வருடமாக அவருக்குப் பின்சீட்டுதான்; முதுகுக்கு வைத்துக்கொள்ளும் தலையணை இப்போது மடியில் இருக்கிறது. மெக்கானிக் வெளியே வந்து இரண்டு ஸ்பிரிங்குகளை வெயிலில் வைக்கிறார். “இது கெட்டி, இது லேசு. பின்னாடி ஆள் உக்காருவாங்களா சார்?” மகன் போனிலிருந்து நிமிராமலே, “அடுத்த மாசத்துலேர்ந்து நானும் வொய்ஃபும் மட்டுந்தான்” என்கிறான். சொன்ன பிறகுதான் அவன் விரல் நிற்கிறது. அடுத்த மாதம் அப்பாவை எங்கே அனுப்பப்போகிறார்கள் என்று வீட்டில் யாரும் இதுவரை அப்பாவிடம் வாய் திறக்கவில்லை. மகன் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா தலையணை நாடாவை விரலில் சுற்றுகிறார், அவிழ்க்கிறார், மறுபடி சுற்றுகிறார்.

“லேசானதையே போடுங்க தம்பி” என்கிறார். “பின்னாடி ஆளில்லாம கெட்டி ஸ்பிரிங் போட்டா வண்டி தூக்கித் தூக்கிப் போடும். இவனுக்கு முதுகு வலிக்கும்.”