மாமியார் ஒத்திகை

"யார் எங்க உக்காரணும்னு சொல்லிடறேன். பிரபா, நீ மேசைக்கு இந்தப் பக்கம். மத்த மூணு பேரும் சன்னலோர பெஞ்சில. மாமியாரா நடிக்க வர்றவங்களுக்கு எதிர் நாற்காலி" என்றார், பயிற்சி கொடுக்கும் நர்ஸ் ஆதிலட்சுமி. சொல்லும்போதே செல்போன் அடிக்க, வெளியே போனார்.

உத்திரமேரூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். பிறந்த குழந்தையின் குதிகாலில் ரத்தம் எடுத்துச் சோதிக்க, வீட்டாரைச் சம்மதிக்க வைக்கும் ஒத்திகை. பிரபா இதில் இரண்டு முறை தோற்றவள். மாமியார்கள் குரலை உயர்த்தினாலே அவளுக்கு வார்த்தை வராது. இன்றும் தோற்றால் வேலை கிடையாது.

"எவ அவ, என் பேரன் கால்ல ஊசி குத்தப் போறவ?"

சேலையை இழுத்துச் செருகியபடி வந்த அம்மாள் எதிர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

'பிரமாதமா நடிக்கிறாங்களே' என்று பிரபாவுக்குக் குஷி பிறந்தது. நடிப்புதானே, என்ன பயம்?

"நான்தாம்மா. நாலு சொட்டு ரத்தம்தான்."

"நாலு புள்ள பெத்தவ நானு. எதுக்கும் குத்தல. மூணு நாள் கொயந்தமா அது. கால்ல குத்துனா நாளைக்கு நடக்குமா?"

"நடக்காது. ஓடும், உங்க கிட்டேர்ந்து தப்பிக்க."

பெஞ்சில் இருந்த மூவரும் சிரித்துவிட்டார்கள். திரும்பி வந்த ஆதிலட்சுமி ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் கதவோரம் நின்றுகொண்டார்.

"இன்னா வாயி இவளுக்கு. புள்ள தளதளன்னு கீது, அதுக்கு இன்னா நோவு?"

"தைராய்டு கம்மியா இருந்தா இப்ப வெளிய தெரியாதும்மா. தெரியறப்போ மூளை வளர்ச்சி நின்னுருக்கும். இன்னிக்கே கண்டுபிடிச்சா தினம் ஒரு மாத்திரை, அவ்ளோதான். நீங்க மருமவள வாயால குத்துறதுல பாதி கூட வலிக்காது."

அந்த அம்மாள் முறைத்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"எம் மருமவ உன்னாண்ட சொல்லிட்டாளா? சரி, எடுத்துக்க. அவளாண்டயும் சொல்லிட்டு வரேன்."

ஆதிலட்சுமி அந்த அம்மாளோடு வார்டுக்குப் போனார். மாலையில், நான்கு சிவப்பு வட்டங்கள் உலர்ந்த அட்டை ஒன்றைக் கவரில் போட்டு ஒட்டினார்.

"ஒத்திகைக்கு எதுக்கு மேடம் கவர்? நான் பாஸா?"

"பாஸ்தான்." ஆய்வகத்துக்குப் போகும் வண்டிக்காரரிடம் கவரைக் கொடுத்துவிட்டு ஆதிலட்சுமி திரும்பினார். "காலையில நான் வெளிய போய்ப் பேசினது மாமியாரா நடிக்கிறவங்க கிட்டதான், பிரபா. பஸ்ஸ விட்டுட்டாங்களாம், நாளைக்குத்தான் வராங்க."