இடப்பக்கக் காற்று

பழைய ஜீப்பின் ஹீட்டர் தனபாலின் பக்கம் மட்டுமே சூடாக ஊதும். பக்கத்து இருக்கையில் அவன் மனைவி கோமளா இரண்டு பனிக்காலமாக விறைத்துப்போய் உட்கார்ந்து வந்தாள். நடுங்கினால், "ரொம்ப நடிக்காதே" என்பான். கடைசியில் அவள் அடம்பிடித்ததால் குன்னூரில் மெக்கானிக் சலீமிடம் வந்தார்கள். அவர் டாஷ்போர்டைக் கழற்றி, அவள் பக்கத்துக் காற்றுக்குழாய்க்குள் கைவிட்டு, உருண்டையாகச் சுருட்டி முடிந்திருந்த ஒரு துணியை உருவினார்.

"எலி இழுத்துட்டு வந்திருக்கும்" என்றான் தனபால்.

"எலி முடிச்சுப் போடுமா சார்?"

கோமளா முடிச்சை அவிழ்த்தாள். தனபாலின் பழைய பனியன். சலீம் எல்லாவற்றையும் மாட்டி முடித்ததும் அவள் சாவியை வாங்கி, ஓட்டுநர் இருக்கையில் ஏறி, ஹீட்டரைப் போட்டாள். தனபால் மறுபக்கம் வந்து கதவை இழுத்தான். உள்ளே பூட்டியிருந்தது.

"திறடி, குளிருது" என்று கண்ணாடியைத் தட்டினான்.

கோமளா கியரைப் போட்டாள்.