ஆடும் கைப்பிடி

"இந்த வருஷமும் கோப்பை நம்மகிட்டதான்டா," என்றார் கேப்டன், அதைத் துடைத்தபடி. "நம்ம காலேஜ் டீமை யாரு அசைக்க முடியும்?"

"ஃபைனல்ல நான் தடுத்த பெனால்டி, அடடா!" என்றார் கோல்கீப்பர்.

கேப்டனின் மனைவி டீயை வைத்தாள். "நீங்க ஜெயிச்சதோட போட்டியே நின்னுபோச்சு. காலேஜும் கோப்பையை உங்க தலையில கட்டிடுச்சு. முப்பது வருஷமா ஆளில்லாத மைதானத்துல சாம்பியன்!"

இருவரும் அசடு வழிந்தார்கள்.

மகள் விளையாட்டுப் பையோடு உள்ளே வந்தாள்.

"அப்பா, போட்டியை மறுபடி நடத்துறாங்க. இந்தத் தடவை பெண்களுக்காம். கோப்பையைத் திருப்பிக் கேட்டாங்க."

கோல்கீப்பர் தலையில் கை வைத்தார். "அன்னைக்கு நம்மகிட்ட தோத்த காலேஜுக்கு உன் பொண்ணுதானேடா கேப்டன்!"

கேப்டன் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் துடைத்தார். பிறகு மகளிடம் நீட்டினார்.

"இடது கைப்பிடி ஆடும். ஜெயிச்சுத் தூக்கும்போது அடியில பிடிச்சுக்கோ."