இன்று எனக்குப் புரிந்தது

எல்லாப் பாடத்தையும் எழுதிப் பார்த்தே கற்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்ததிலிருந்து, 'இன்று எனக்குப் புரிந்தது' என்ற நோட்டில் பிள்ளைகள் தினமும் சொந்த வார்த்தையில் எழுதினார்கள். அந்தச் சொந்த வார்த்தைகளைக் கணக்கு டீச்சர் இன்பவல்லிதான் கரும்பலகையில் எழுதிப் போடுவார். ஆய்வுக்கு வந்த கல்வி அலுவலர் முப்பத்தெட்டு நோட்டுகளைப் புரட்டி, முப்பத்தெட்டிலும் ஒரே மாதிரி பூத்திருந்த சுயசிந்தனையை மெச்சினார். முப்பத்தொன்பதாவதான கடைசி நோட்டில் அவர் விரல் நின்றது. இன்பவல்லி எட்டிப் பார்த்தார். 'பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது இரண்டாவதை ஏன் தலைகீழாகத் திருப்புகிறோம்? புரியவில்லை. டீச்சரிடம் கேட்டேன். பேசாமல் திருப்பிப் போடு என்றார்.' எழுதியவள் ஜெனிபா.

மெமோதான் என்று இன்பவல்லி முடிவு கட்டிவிட்டார். "அது வந்து சார், இந்தப் பொண்ணு அன்னிக்கு லீவு..." என்று இழுத்தார்.

"வந்திருந்தேனே டீச்சர்!" என்றாள் ஜெனிபா.

அலுவலர் பச்சை மைப் பேனாவைத் திறந்தார். எதுவும் எழுதாமல் மூடினார். கூடவே நின்றிருந்த தலைமையாசிரியர் டீ சொல்ல வெளியே போகும்வரை காத்திருந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முப்பது வருஷமா நானும் திருப்பித்தான் போடறேன். நிஜமாவே, ஏன் டீச்சர் திருப்பறோம்?"

இன்பவல்லி சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனார். கை உயர்ந்தது, ஆனால் பலகையைத் தொடவில்லை. முதுகுக்குப் பின்னால் முப்பத்தொன்பது பேனாக்களின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் தாமதமாக, நாற்பதாவதும் திறந்தது.