ரவுட்டர் வண்டி

"இது மட்டும் ஓடிச்சு, நம்ம பொழப்பு நாறிடும்டி" என்றாள் செல்லம்மாள்.

பக்கத்தில் நின்றவள் சவரியம்மாள். ஒரகடம் கம்பெனியில் ஸ்டோரிலிருந்து லைனுக்கு டிராலி தள்ளுகிற ஆறு பெண்களில் இவர்கள் இரண்டு பேர்.

எதிரே நின்றது மாரிசெல்வம் செய்த ஆளில்லாத டிராலி. வீட்டில் நெட்டுக்கு வைக்கிற பழைய வைஃபை ரவுட்டர்தான் அதற்கு மூளை. முந்நூறு ரூபாய்க்கு வாங்கி, உள்ளே புரோகிராமை மாற்றி, ஒரு கேமராவைச் சொருகியிருந்தான். தரையில் போட்ட மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டே தானாகப் போகுமாம்.

பையன் விருதுநகர்ப் பக்கம். மூன்று வருஷமாக கான்ட்ராக்ட். இன்று வண்டி ஓடினால் பர்மனன்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"எங்கேயோ இருந்து வந்து நம்ம சோத்துல மண்ணு போடுறான் பாரு. கட்டையில போறவன்!" என்று கறுவினாள் செல்லம்மாள்.

மேனேஜர் தசரதன் பரிவாரத்தோடு வந்தார்.

"சொல்லுப்பா, இதுல கம்பெனிக்கு என்ன மிச்சம்?"

"அக்காங்களுக்கு இடுப்பு வலி மிச்சம் சார். ஸ்டோர் மேட்டுல ரொம்பச் சிரமப்படுதாங்க."

மேனேஜர் சிரித்தார். "அட, ஆறு ஆளே மிச்சம்ப்பா! அடுத்த மாசத்துலேர்ந்து அவங்க வேணாம். எங்க, ஓட்டு பார்ப்போம்."



மாரிசெல்வம் வண்டிக்குப் பின்னால் குனிந்து ஸ்விட்சைப் போட்டான். வண்டி அசையவில்லை. அணைத்துப் போட்டான். ம்ஹூம்.

"புரோகிராம்ல ஏதோ கோளாறு சார்."

"முந்நூறு ரூபா டப்பாவுல ரோபோ! என் நேரத்தை வீணாக்கிட்டியே. பர்மனன்ட் லிஸ்ட்ல இவன் பேரை அடிங்க."

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் செல்லம்மாள்தான். "நல்லா வேணும்! துரைக்கு ரோபோ கேக்குதா ரோபோ!"

கூட்டம் கலைந்தது. வண்டியை ஓரம்கட்டச் சொல்லி சூப்பர்வைசர் அவளிடமே விட்டார். தள்ளப் போனவள் குனிந்து பார்த்தாள். கேமரா ஒயர் ரவுட்டரை விட்டு வெளியே தொங்கியது.

"இன்னாடா, இது கழண்டுகினு கீது?" என்று எடுத்துச் சொருகினாள்.

அவ்வளவுதான். டிராலி அவள் கையை விட்டு நழுவி, மஞ்சள் கோட்டின்மேல் கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

மாரிசெல்வம் பதறி ஓடிவந்து அதைப் பிடித்து நிறுத்தினான். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"நான் பிடுங்குன ஒயரை ஏன்க்கா சொருகுதீங்க? மேனேஜர் இன்னும் கேன்டீனைக்கூடத் தாண்டல."